வெஸ்ட் இண்டீஸ் உண்மையிலேயே அவ்வளவு பெரிய அணியா?

“எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் வெஸ்ட் இண்டீஸ் என்று சொல்லும்போதே குரல் மாறிவிடுகிறது. நான் பார்த்து வளர்ந்ததோ 2023 உலகக் கோப்பைக்கே தகுதி பெறாத அணி. அவர்கள் நிஜமாகவே அவ்வளவு பெரிய அணியா? அப்படியே இருந்தாலும், பிறவியில் வந்த உடல்பலத்தால் கிடைத்த வெற்றிதானே அது?” என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். 1980 மார்ச்சில் நியூசிலாந்தில் அவர்கள் ஒரு டெஸ்ட் தொடரைத் தோற்றார்கள். அடுத்து ஒரு தொடரைத் தோற்றது 1995 மே மாதம், ஆஸ்திரேலியாவிடம். நடுவில் பதினைந்து வருடம், 29 தொடர்கள். உள்ளூர், வெளியூர், சுழலுக்கு ஏற்ற களம், பச்சைக் களம் எல்லாவற்றிலும் ஆடினார்கள். ஒரு தொடரையும் விடவில்லை. 1980-இல் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை அந்த அணி தொடர் தோற்று யாரும் பார்த்ததில்லை. உங்கள் பெரியப்பாவின் குரல் மாறுவதில் ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது பாதிதான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. ‘உடல்பலம்’ என்ற பதிலை ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. அந்த அணியை மனிதர்கள் யோசித்து, பாடுபட்டு, அவமானங்களைத் தாண்டிக் கட்டினார்கள். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடே கிடையாது. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், ஆன்டிகுவா போன்ற பல தீவுகளும், தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் கயானாவும் சேர்ந்து ஒரே அணியாக ஆடுகின்றன. தனித்தனிக் கொடி, தனித்தனிப் பணம், தனித்தனிப் பிரதமர். ஜமைக்காவுக்கும் பார்படாஸுக்கும் நடுவே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். அந்தப் பார்படாஸ் எவ்வளவு பெரியது தெரியுமா? ஏறக்குறைய நம் சென்னை மாநகராட்சியின் பரப்பளவு. மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. சோபர்ஸ், வொரல், வீக்ஸ், வால்காட், ஹால், கிரிஃபித், கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், மார்ஷல், கார்னர் எல்லாரும் அந்த ஒரே தீவில் பிறந்தவர்கள். இந்தப் பெயர்களை மட்டும் வைத்தே ஒரு உலக அணி போட்டுவிடலாம். அந்தத் தீவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்து வியக்காமல் இருக்க முடிவதில்லை.

1928-இல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. இங்கிலாந்தில் ஆடிய முதல் மூன்று டெஸ்டும் இன்னிங்ஸ் தோல்வி. 1930-இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் முதல் வெற்றி. அந்த ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர் ஜார்ஜ் ஹெட்லி. அப்போது அவருக்கு வயது இருபது. 22 டெஸ்டுகளில் 10 சதம், சராசரி 60.83. அவருக்குப் பக்கபலமாக நிற்க அணியில் பெரிதாக யாரும் இல்லை. ஹெட்லி அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது என்ற நிலை. உலகம் அவரைக் ‘கருப்பு பிராட்மன்’ என்றது. அவருடைய ஊர்க்காரர்கள் ஆஸ்திரேலியாவின் பெரிய ஆட்டக்காரரான அந்தப் பிராட்மனை ‘வெள்ளை ஹெட்லி’ என்றார்கள். அந்தப் பதிலில் இருக்கும் நிமிர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இந்த ஹெட்லி அணித் தலைவராக இருந்தது ஒரே ஒரு டெஸ்டில், 1948-இல். காரணம் ஆட்டம் இல்லை, தோல் நிறம். கறுப்பர்கள் பந்து வீசலாம், ரன் குவிக்கலாம். தலைமை மட்டும் வெள்ளையருக்கு என்பது எழுதப்படாத சட்டம். 1955-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் வொரல், வீக்ஸ், வால்காட் மூவரும் அணியில் இருந்தும், வழக்கமான தலைவர் காயம்பட்டபோது பொறுப்பு போனது டெனிஸ் அட்கின்சனிடம். அட்கின்சன் சாதாரண ஆட்டக்காரர் இல்லை; அதே தொடரில் 219 அடித்தார். ஆனாலும் அந்த மூவரையும் தாண்டி அவர் எப்படித் தலைவரானார் என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான்.

அந்த மூவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் பதினெட்டு மாத இடைவெளிக்குள், பார்படாஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் பிறந்தவர்கள். பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் உலகம் அவர்களை ‘த்ரீ டபிள்யூஸ்’ என்றது. இதில் எவர்டன் வீக்ஸுக்கும் நம் ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1948-இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு சதம் அடித்துவிட்டு இந்தியா வந்தார். டெல்லியில் 128, பம்பாயில் 194, கல்கத்தாவில் 162-உம் 101-உம். தொடர்ந்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸில் ஐந்து சதம். இன்றுவரை வேறு யாரும் இதைச் செய்யவில்லை. ஆறாவது சதத்தை நோக்கிச் சேப்பாக்கத்தில் 90 வரை வந்தார். ரன் அவுட். 1949 ஜனவரியில் அன்று கேலரியில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்களா, வருத்தப்பட்டார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பேன். மெட்ராஸ் ரசிகர்களை எனக்குத் தெரியும், வருத்தப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

1950-இல் லார்ட்ஸில் இங்கிலாந்தை 326 ரன்னில் வென்றார்கள். சன்னி ராமதீன், ஆல்ஃப் வாலன்டைன் என்று இரண்டு சுழல்பந்து வீச்சாளர்கள். அந்தப் பயணத்துக்குத் தேர்வாகும்போது இருவருமே ஆளுக்கு இரண்டு முதல்தர ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார்கள். லார்ட்ஸில் இருவரும் சேர்ந்து 18 விக்கெட். போருக்குப் பிறகு கரீபியனிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்திருந்த மக்கள் மைதானத்துக்குள் இறங்கிப் பாடி ஆடினார்கள். வேகப்பந்தால் இல்லாமல் சுழலால் கிடைத்த வெற்றி அது என்பதை, ‘உடல்பலம்’ என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். ராமதீன் சிறிய உருவம் கொண்டவர். டிரினிடாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி.

சரி, இப்போது கதையின் நடு இடத்துக்கு வருகிறேன்: ஃபிராங்க் வொரல்.

1960 தொடக்கத்தில் டிரினிடாட்டில் எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியருமான சி.எல்.ஆர். ஜேம்ஸ், வொரலைத் தலைவராக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் எழுதினார். விடுதலைக்கான அரசியல் சூடு பிடித்திருந்த காலம்; நாட்டை ஆளத் தகுதி உண்டு, கிரிக்கெட் அணியை ஆளத் தகுதி இல்லையா என்பதுதான் கேள்வி. கடைசியில் வாரியம் இறங்கி வந்தது. 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரல் தலைவர். ஒரு முழுத் தொடருக்குத் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் கறுப்பர். அதற்கு முன் தலைவராக இருந்த ஜெரி அலெக்சாண்டர் அதே அணியில் விக்கெட் கீப்பராக வொரலின் கீழ் ஆடினார், முகம் சுளிக்காமல். தன் வாழ்நாளின் ஒரே முதல்தர சதத்தையும் அந்தத் தொடரில்தான் அடித்தார். இந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதவி பறிபோனவர் இப்படி ஆடினார் என்றால், புதிய தலைவர் எப்படி நடந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் டெஸ்ட் பிரிஸ்பேனில், கப்பா மைதானத்தில். சோபர்ஸ் 132 அடித்தார். ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிட்சன் பதினொரு விக்கெட் எடுத்ததோடு இரண்டு இன்னிங்ஸிலுமாக 124 ரன்னும் சேர்த்தார். கடைசி நாள் கடைசி ஓவர். அந்த நாளில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. ஆஸ்திரேலியாவுக்கு ஆறு ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில். பந்து வெஸ் ஹாலிடம். பவுன்சர் போடாதே என்று வொரல் சொல்லியிருந்தார். இரண்டாவது பந்தே பவுன்சர். ஆஸ்திரேலியத் தலைவர் பெனாட் அதை ஹூக் செய்யப்போய் விக்கெட் கீப்பரிடம் பிடிகொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து வானத்துக்குப் போனது. கன்ஹாய் பிடிக்கக் காத்திருந்த கேட்சுக்கு ஹாலே ஓடிவந்து மோதித் தவறவிட்டார். அப்புறம் எல்லைக்கோட்டின் அருகிலிருந்து கான்ராட் ஹன்ட் எறிந்த பந்து நேராகக் கீப்பர் கைக்கு வந்து, மூன்றாவது ரன்னுக்கு ஓடிய கிரவுட் ரன் அவுட். ஸ்கோர் சமம். இரண்டு பந்து, ஒரு விக்கெட். நோபால் மட்டும் போட்டுவிடாதே என்று வொரல் அப்போது தன் காதில் சொன்னதை ஹால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கிளைன் பந்தை ஸ்கொயர் லெக் பக்கம் தட்டிவிட்டு ஓடினார். அங்கே நின்றவர் ஜோ சாலமன். அவர் நின்ற கோணத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்டம்ப். குனிந்து எடுத்து எறிந்தார். ஸ்டம்ப் பறந்தது. கொஞ்ச நேரம் முன்பு டேவிட்சனையும் இதே போல நேர் எறியில் ரன் அவுட் ஆக்கியது அவர்தான்.

இரண்டு அணிக்கும் தலா 737 ரன். டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’. தொடரை ஆஸ்திரேலியா 2-1 என்று வென்றது. ஆனால் கிளம்பும் நாளில் மெல்போர்ன் தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் நின்று வழியனுப்பியது தோற்ற அணியைத்தான். வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதற்கே தடைபோடும் கொள்கை நடைமுறையில் இருந்த நாடு அது என்பதை மறக்கக் கூடாது.

ஜோ சாலமன் கயானாவின் பெர்பிஸ் பகுதியில், போர்ட் மொரான்ட் என்ற கரும்புத் தோட்ட ஊரில் பிறந்தவர். 1838-லிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஆட்களை ஏற்றினார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து, மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போன நம்மவர்களும் உண்டு. பெர்பிஸில் இன்றும் ‘மதராசி’ வழிபாடு என்று மாரியம்மன் பூசை நடக்கிறது. போர்ட் மொரான்ட் என்ற அந்த ஒரு ஊரிலிருந்து ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் போன்ற டெஸ்ட் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது இந்தக் கன்ஹாயின் நினைவில்தான். பிற்காலத்தில் கயானாவிலிருந்து வந்து வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய மகேந்திர நாகமுத்து, வீராசாமி பெருமாள் என்ற பெயர்களை ஸ்கோர் அட்டையில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். மொழி போய்விட்டது, பெயர் நிற்கிறது.

வொரலைப் பற்றி இன்னும் ஒன்று. 1962-இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியத் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டு உயிருக்குப் போராடினார். ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் வொரல் ஒருவர். கான்ட்ராக்டர் பிழைத்தார், டெஸ்ட் ஆட முடியவில்லை. வங்காளக் கிரிக்கெட் சங்கம் இன்றும் வொரலின் பெயரில் ரத்ததான நாள் நடத்துகிறது. 1967-இல் 42 வயதில் ரத்தப் புற்றுநோயால் வொரல் இறந்தார். அவர் விட்டுப்போனது ரன்கள் மட்டும் இல்லை. ஜமைக்காக்காரனும் பார்படாஸ்காரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு அணியை விட்டுப்போனார். அதற்கு முன் அது பல தீவுகளின் ஆட்கள் கூடிய கூட்டம், அவ்வளவுதான்.

அடுத்த தலைவர் கேரி சோபர்ஸ். 93 டெஸ்ட், 8032 ரன், சராசரி 57.78, 235 விக்கெட். வேகமாகவும் வீசுவார், சுழலும் போடுவார், அதிலும் இரண்டு வகை. 21 வயதில் அடித்த முதல் டெஸ்ட் சதத்தையே ஆட்டமிழக்காமல் 365 வரை கொண்டுபோனார். அந்த உலக சாதனை 36 வருடம் நின்றது. 1967-இல் சேப்பாக்கத்தில் தோல்வியின் விளிம்பில் கிரிஃபித்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நின்று டிரா செய்தார். கிரிக்கெட்டில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து முழுமையான ஆட்டக்காரர் யார் என்று யாராவது கேட்டால், நான் வேறு பெயரை யோசிக்க மாட்டேன்.

இனி உங்கள் பெரியப்பா பார்த்த அணி. அது கிளைவ் லாயிட் கட்டியது. கட்டும்போது நடந்த தோல்விகளை யாரும் சொல்வதில்லை, அவைதான் முக்கியம்.

லாயிட் தலைவரான முதல் தொடர் 1974-75-இல் இந்தியாவில். பெங்களூரில் கிரீனிட்ஜும் விவ் ரிச்சர்ட்ஸும் அறிமுகம். ரிச்சர்ட்ஸ் 4, 3. இரண்டு முறையும் சந்திரசேகர். அடுத்த டெஸ்டில் டெல்லியில் ஆட்டமிழக்காமல் 192. சேப்பாக்கத்தில் ஆன்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்க, எதிரே ஜி.ஆர். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. அந்த டெஸ்டை இந்தியா வென்றது. அந்த 97-ஐப் பற்றிப் பேசும்போது எங்கள் மாமா மட்டையைப் பிடிப்பதுபோலக் கையை மடக்கிக் காட்டுவார். கடைசி டெஸ்டில் லாயிட் 242 அடித்துத் தொடரை 3-2 என்று எடுத்துப்போனார். 1975-இல் முதல் உலகக் கோப்பை. இறுதியாட்டத்தில் லாயிட் 102, ரிச்சர்ட்ஸ் மூன்று பேரை ரன் அவுட் ஆக்கினார்.

உச்சிக்குப் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த ஆஸ்திரேலியப் பயணத்தில் வேகப்பந்து வீச்சாளர்கள் லில்லியும் தாம்சனும் 5-1 என்று நொறுக்கினார்கள். திரும்பி வந்தால், 1976 ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன் இலக்கை நான்கே விக்கெட்டுக்குத் துரத்திப் பிடித்தது. கவாஸ்கர் சதம், விஸ்வநாத் சதம். வெஸ்ட் இண்டீஸ் அணியில் அன்று மூன்று சுழல்பந்து வீச்சாளர்கள். இரண்டு அடியும் சேர்ந்து லாயிடுக்கு ஒரு முடிவைத் தந்தன: ஆஸ்திரேலியா நமக்குச் செய்ததை நாம் எல்லாருக்கும் செய்வோம், இரண்டு வேகப்பந்து வீச்சாளர் இல்லை, நான்கு பேர்.

அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டனில். கெய்க்வாட் காதில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். விஸ்வநாத்தின் விரல் உடைந்தது. தன் பந்துவீச்சாளர்களைக் காப்பாற்ற இந்தியத் தலைவர் பேடி 306-க்கு 6 என்ற நிலையில் டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸ் 97-இல் முடிந்தது. ஐந்து பேர் மட்டை பிடிக்கவே இறங்கவில்லை. அந்த அணியை இவ்வளவு நேசிக்கும் நானே சொல்கிறேன்: அன்று நடந்தது கொடூரம். பேடியின் கோபம் நியாயமானது. வெற்றிகளை எழுதுபவர் இந்த ஸ்கோர் அட்டையையும் எழுத வேண்டும்.

அதே வருடம் இங்கிலாந்து. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இங்கிலாந்துத் தலைவர் டோனி கிரேக், இவர்களை மண்டியிட வைப்பேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டில் பிறந்த வெள்ளையர் ஒருவர், அடிமைகளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன சொல். ரிச்சர்ட்ஸ் நான்கு டெஸ்டில் 829 ரன் அடித்தார். ஓவலில் மட்டும் 291. அதே ஓவலில் உயிரே இல்லாத களத்தில் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட். பவுன்சரால் இல்லை தம்பி. பெரும்பாலும் போல்டும் எல்.பி.டபிள்யூவும். பந்து முழு நீளத்தில் நேராக ஸ்டம்புக்குப் போனது. அதற்குப் பெயர் பயமுறுத்தல் இல்லை, துல்லியம்.

அப்புறம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டித் தொடர், 1977-இல். பணம் ஒருபக்கம் இருக்கட்டும். அங்கே டெனிஸ் வெய்ட் என்ற ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் இவர்களோடு சேர்ந்தார். ஓட்டம், உடற்பயிற்சி, தசைப் பராமரிப்பு என்று அந்தக் காலக் கிரிக்கெட்டில் யாரும் கவலைப்படாத விஷயங்களை ஒழுங்காக்கினார். பேக்கர் தொடர் முடிந்த பின்னும் வருடக்கணக்கில் அணியோடு இருந்தார். நாம் பார்த்து ‘பிறவி உடம்பு’ என்று நினைத்ததில் பெரும்பகுதி காலையில் வியர்வை சிந்தி வந்தது.

இன்னொரு பட்டறை இங்கிலாந்தின் உள்ளூர்ப் போட்டியான கவுன்டி கிரிக்கெட். 1968-இல் வெளிநாட்டவரை உடனடியாகச் சேர்க்கலாம் என்று விதி மாறியது. லாயிட் லங்காஷயரில், ரிச்சர்ட்ஸும் கார்னரும் சாமர்செட்டில், கிரீனிட்ஜ், ராபர்ட்ஸ், மார்ஷல் ஹாம்ப்ஷயரில். வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். குளிர், ஈரம், ஸ்விங். கிரிக்கெட் அவர்களுக்கு விடுமுறைக் குதூகலம் இல்லை, முழுநேர வேலை.

‘உடல்பலம்’ வாதத்தை உடைக்க எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்: மால்கம் மார்ஷல். ஆறடிகூட இல்லை. கூடவே வீசிய கார்னர் ஆறடி எட்டு அங்குலம். ஆனாலும் அந்த வரிசையில் மிகச் சிறந்தவர் மார்ஷல்தான் என்று எதிரே நின்று ஆடியவர்களே சொல்வார்கள். 81 டெஸ்டில் 376 விக்கெட், சராசரி 20.94. 1984-இல் லீட்ஸில் ஃபீல்டிங் செய்யும்போது இடது கட்டைவிரல் இரண்டு இடத்தில் உடைந்தது. லாரி கோம்ஸ் 96-இல் நிற்கிறார், கடைசி விக்கெட். மார்ஷல் கட்டோடு இறங்கி ஒற்றைக் கையால் மட்டை பிடித்தார். கோம்ஸ் சதம் முடித்தார். அத்தோடு விடவில்லை, அதே கட்டோடு பந்து வீசி 53 ரன்னுக்கு 7 விக்கெட். 1988-இல் மான்செஸ்டரில் களம் மந்தமாக இருந்தது; வேகத்தைக் குறைத்து ஸ்விங்கையும் கட்டரையும் வைத்தே 22 ரன்னுக்கு 7 பேரை அனுப்பினார். மூளையால் வீசியவர். 1999-இல் 41 வயதில் புற்றுநோய் கொண்டுபோனது. அந்தச் செய்தியைப் படித்த காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

நான் அவரைப் பார்த்திருக்கிறேன். 1983 டிசம்பர், சேப்பாக்கம். உலகக் கோப்பை இறுதியில் 183 ரன்னைத் துரத்த முடியாமல் நம்மிடம் தோற்ற அதே அணி, ஆறு மாதத்தில் இங்கே வந்து டெஸ்ட் தொடரை 3-0, ஒருநாள் தொடரை 5-0 என்று எடுத்துக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பையனான என்னை மாமா டிரான்சிஸ்டரோடு கேலரிக்குக் கூட்டிப்போனார். ஸ்லிப்பில் நிற்பவர்கள் ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டேன். “பந்து வரட்டும், தெரியும்” என்றார். இந்தியா ரன் ஏதும் எடுக்கும் முன்பே மார்ஷல் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். நான்காவதாக இறங்கிய கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 அடித்தார். அவருடைய 30-ஆவது சதம், பிராட்மனின் 29-ஐத் தாண்டியது. கவாஸ்கர் எவ்வளவு பெரியவர் என்று எனக்குப் புரிந்தது, எதிரே ஓடிவந்தது யார் என்று பார்த்ததால்தான்.

விவ் ரிச்சர்ட்ஸின் ரன்களை நீங்களே தேடிப் பார்க்கலாம். ஹெல்மெட் இல்லாமல், சூயிங்கம் மென்றபடி அவர் நடந்து வருவதைப் பழைய ஒளிப்பதிவில் பாருங்கள். தலைவராக இருந்தவரை ஒரு டெஸ்ட் தொடரையும் தோற்கவில்லை. நான் அவரை அதிகம் மதிப்பது வேறொன்றுக்காக. 1983-இல் நிறவெறி தென்னாப்பிரிக்காவில் ஆட வெஸ்ட் இண்டீஸ் வீரர்களுக்கு வாழ்நாளில் பார்க்காத பணத்தைக் காட்டினார்கள். லாரன்ஸ் ரோ, காளிச்சரண், காலின் கிராஃப்ட், சில்வெஸ்டர் கிளார்க் போனார்கள். ரிச்சர்ட்ஸும் ஹோல்டிங்கும் மறுத்தார்கள். போனவர்களுக்கு வாழ்நாள் தடை, 1989-இல்தான் நீங்கியது. அதற்குள் பலருடைய ஆட்டம் முடிந்துவிட்டது, ஊரும் அவர்களை ஏற்கவில்லை. அவர்களை வில்லன்களாக எழுத எனக்கு மனம் வரவில்லை. வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வரிசையில் இடமே காலியாகாத காலம் அது. கிளார்க் போன்ற ஒரு பந்துவீச்சாளர் வேறு எந்த நாட்டிலும் முதல் ஆளாக ஆடியிருப்பார். ஆனால் மறுத்தவர்கள் மறுத்தது சாதாரணத் தொகை இல்லை.

அடுத்த தலைமுறையில் ஆம்ப்ரோஸ், வால்ஷ். 1993-இல் பெர்த்தில் ஆம்ப்ரோஸ் ஒரே ஸ்பெல்லில் 1 ரன்னுக்கு 7 விக்கெட். அடுத்த வருடம் இங்கிலாந்தை 46-க்குச் சுருட்டினார்கள். வால்ஷ் 500 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள். 1987 உலகக் கோப்பையில், கடைசிப் பந்தை வீசும் முன்பே கோட்டைத் தாண்டி ஓடிய பாகிஸ்தான் ஆட்டக்காரரை அவர் ரன் அவுட் ஆக்காமல் எச்சரித்து விட்டார். அந்த ஆட்டத்தைத் தோற்றார்கள்.

பின் ஏன் சரிந்தது? கூடைப்பந்து பார்க்கப் போய்விட்டார்கள் என்று ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கவுன்டிகள் வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைத்தன, பட்டறை மூடியது. அதற்கு ஈடாகச் சொந்த மண்ணில் பயிற்சி அமைப்பை உருவாக்க வாரியத்திடம் பணமும் இல்லை, தொலைநோக்கும் இல்லை. சம்பளத் தகராறு ஓயவில்லை; 2009-இல் முன்னணி வீரர்கள் ஒதுங்கிக்கொள்ள, சொந்த மண்ணில் பங்களாதேஷிடம் தொடரே போனது. 2014-இல் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டுப் போனார்கள். டி20 லீக்குகள் வந்தபோது அங்கே போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிராவோ சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் ஆடும்போது நாம் எல்லாரும்தான் கைதட்டினோம். 2012, 2016 என்று இரண்டு டி20 உலகக் கோப்பையும் வென்றார்கள். டெஸ்ட் அணி மட்டும் கரைந்தது.

அந்தச் சரிவுக்கு நடுவில் தனியாக நின்றவர் பிரையன் லாரா. 375, ஆட்டமிழக்காமல் 400, முதல்தர ஆட்டத்தில் 501. எனக்கு அவற்றைவிடப் பெரியவை இரண்டு. 1999-இல் பார்படாஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 308 இலக்கு. ஒரு விக்கெட் மிச்சம் வைத்து வென்றபோது லாரா 153, மறுமுனையில் வால்ஷ். இன்னொன்று 2001-இல் இலங்கையில். முரளியையும் வாஸையும் எதிர்த்து மூன்று டெஸ்டில் 688 ரன் அடித்தார், மூன்றிலும் அணி தோற்றது. ஹெட்லி காலம் திரும்பி வந்ததுபோல இருந்தது.

2025 ஜூலையில் கிங்ஸ்டனில் 27 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனார்கள். நீங்கள் பார்த்து வளர்ந்த அணி அதுதான், மறுக்கவில்லை. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு நடந்த இன்னொன்றையும் பாருங்கள். பெர்பிஸ் பகுதியில், கான்ஜே ஆற்றங்கரையில் பராகாரா என்று ஒரு சிற்றூர். படகில்தான் போக முடியும். அந்த ஊர்ப் பையன் ஷமார் ஜோசப். பழங்களையும், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டியதையும் பந்தாக வைத்து வீசிப் பழகியவர். பாதுகாவலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2024 ஜனவரியில் அடிலெய்டில் டெஸ்ட் அறிமுகம். முதல் பந்திலேயே ஸ்டீவ் ஸ்மித்தின் விக்கெட். அடுத்த டெஸ்டில் ஸ்டார்க்கின் யார்க்கர் கால் விரலை நசுக்கிவிட்டது. மறுநாள் மைதானத்துக்கே வருவதாக இல்லை. வந்தார். வலியோடு ஒரே முனையிலிருந்து நிறுத்தாமல் வீசி 68 ரன்னுக்கு 7 விக்கெட். கடைசியாக ஹேசல்வுட்டின் ஸ்டம்ப் சாய்ந்தபோது வெற்றி எட்டு ரன்னில். 1997-க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் அவர்களின் முதல் டெஸ்ட் வெற்றி. வர்ணனை அறையில் லாரா அழுதார்.

மைதானம் பிரிஸ்பேனின் கப்பா. அங்கே ஒற்றை ஸ்டம்பைக் குறிபார்த்து எறிந்த அதே பெர்பிஸ்காரர் ஜோ சாலமன், 93 வயதில், அதற்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார்.